பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை: 'லைட் வைப்பது' பற்றி வாசகர் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பச்சிளங்குழந்தைகளின் காமாலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குக் குழந்தை நல மருத்துவரும், பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரியும் செவிலியரும் சேர்ந்து இங்கே பதில் தருகிறார்கள்.

என் மகளுக்குச் சுகப்பிரசவம். இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று நான்காம் நாள். பேரனுக்கு முகம், நெஞ்சு, வயிறு எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. "காலை இளவெயிலில் பத்து நிமிஷம் காட்டினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். காட்டலாமா?
— ஒரு பாட்டி, பாலக்கோடு

அம்மா, வெயில் பேச்சை விட்டுவிட்டு இன்றே பேரனை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். வயிறு வரை மஞ்சள் இறங்கிவிட்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் எண்பது பேருக்கும் முதல் வாரத்தில் கொஞ்சமாவது மஞ்சள் தட்டும். பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆனால் வடிவதற்கு முன் அது ஏறும். நிறைமாதக் குழந்தைக்கு 3 முதல் 5ஆம் நாளுக்குள்தான் உச்சத்தைத் தொடும். இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிடுவதால் அந்த உச்சம் மருத்துவர், செவிலியர் கண்ணில் படாமல் வீட்டில்தான் வருகிறது. அதனால்தான் 4ஆம் நாள், 5ஆம் நாள் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம். பஸ் பிடித்து வருவது சிரமம்தான். ஆனாலும் அந்த ஒரு பயணத்தைத் தவிர்க்க வேண்டாம்.

இப்போது வெயில். வெயிலில் நீல ஒளி இருக்கிறது, அது காமாலையைக் குறைக்கவும் செய்யும். 'லைட் வைப்பது' என்று நாம் சொல்லும் நீல ஒளிச் சிகிச்சையே வெயிலில்தான் பிறந்தது. 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய் வந்த சிஸ்டர் வார்டு என்ற செவிலியர், ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதையும் மற்ற இடம் வெளுத்திருப்பதையும் மருத்துவர்களிடம் காட்டினார். அதைப் பின்தொடர்ந்து கிரீமர் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் நீலக் குழல் விளக்கு வைத்துப் பார்த்து, 1958இல் லான்செட் இதழில் எழுதினார்கள்.

ஆனால் நம் வீட்டில் வெயில் காட்டும் விதத்தை எண்ணிப் பாருங்கள். குல்லா, சட்டை, சுற்றிய துணி, அதற்குள்ளிருந்து முகம் மட்டும் வெளியே. பத்து நிமிஷம். அவ்வளவு சிறிய தோலில் அவ்வளவு குறைந்த நேரம் பட்ட ஒளியால் ரத்தத்தில் இருக்கும் அளவு இறங்காது. சரி, துணியைக் களைந்து மணிக்கணக்கில் கிடத்தலாம் என்றால், சித்திரை வெயிலில் குழந்தைக்குக் காய்ச்சலடிக்கும், நீர் வற்றும், தோல் கன்றிப்போகும். மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அதே குழந்தை குளிரில் விறைத்துவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு, "வெயில் காட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்ற நிம்மதியில் இரண்டு நாள் கழிந்துபோவது.

வீட்டில் பார்க்கும்போது குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து, வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டும் வழக்கம் இருந்தால் இந்த இரண்டு வாரம் நிறுத்திவையுங்கள், அது எல்லாவற்றையும் மறைத்துவிடும். நெற்றி, நெஞ்சு, தொடை, பாதம் என்று ஒவ்வோர் இடத்திலும் விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி அடித்தோலின் நிறம் தெரியும். காமாலை தலையிலிருந்து கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தால் பிலிருபின் (மஞ்சள் நிறம் தரும் பொருள்) ரத்தத்தில் 100 மில்லிக்குப் பெரும்பாலும் 15 மில்லிகிராமைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், உடனே கிளம்ப வேண்டும். நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் இந்தக் கணக்கு அடிக்கடி ஏமாற்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ணால் பார்ப்பது புறப்படலாமா என்று முடிவு செய்ய மட்டுமே. லைட் வைக்கலாமா என்பதை ரத்தத்தின் அளவுதான் சொல்லும்.

அந்த அளவும் குழந்தைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதோடு சேர்த்துத்தான் படிக்கப்படும். வேறு தொந்தரவு இல்லாத நிறைமாதக் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 12, 48இல் 15, 72இல் 18, 96இல் 20 மில்லிகிராம் என்ற அளவுகளை ஒட்டி லைட் வைப்பார்கள். குறைமாதம், ரத்தப் பிரிவுப் பொருத்தமின்மை, நோய்த்தொற்று இருந்தால் இதைவிடக் குறைந்த அளவிலேயே தொடங்குவார்கள். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு 14 இருந்தும் லைட் வைக்கவில்லை, நம் குழந்தைக்கு 11க்கே வைத்துவிட்டார்கள் என்று குழம்ப வேண்டாம். பிறந்த மணி நேரத்தைச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.

முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, துவண்டாலோ, கீச்சென்று அழுதாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ, வலிப்பு, காய்ச்சல் இருந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். பிலிருபின் அளவுக்கு மீறினால் மூளைக்குள் போய்ப் படியும். அதன் பிறகு போகும் காதும் கை கால் கட்டுப்பாடும் திரும்பி வருவதில்லை.

குழந்தையை லைட்டில் வைத்திருக்கிறார்கள். துணியில்லாமல், கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்தில் கிடக்கிறான். பார்க்கவே மனசு தாங்கவில்லை. அழுதால் தூக்கலாமா? இந்த லைட் உடம்புக்குள் என்ன செய்கிறது?
— ஒரு தாய், பென்னாகரம்

தூக்கலாம், பால் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும். மிக உயர்ந்த அளவில் இருக்கும்போது மட்டும் 'எடுக்காதீர்கள், பீய்ச்சிக் கொடுங்கள்' என்பார்கள். மற்றபடி 2 முதல் 3 மணிக்கு ஒருமுறை எடுத்து, கண் கட்டை அவிழ்த்து, முகம் பார்த்துப் பால் கொடுங்கள். இருபது, முப்பது நிமிஷத்தில் திரும்பப் படுக்கவைத்துவிடுங்கள்.

பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் உண்டாகிறது. பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைப் போல் இரு மடங்கு பிலிருபின் தினமும் சேர்கிறது. பிலிருபின் நீரில் கரையாது. கல்லீரல் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றித்தான் வெளியே தள்ள வேண்டும், அந்த வேலையைக் கல்லீரல் கற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும். 460 முதல் 490 நானோமீட்டர் நீல ஒளி தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தில் இருக்கும் பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தையே திருப்பிவிடுகிறது. திரும்பிய வடிவம் நீரில் கரையும், கல்லீரல் மாற்றித் தர வேண்டியதில்லை, பித்தத்தோடு மலத்திலும் கொஞ்சம் சிறுநீரிலும் போய்விடும். அதில் லூமிரூபின் என்ற வடிவம் மறுபடி பழையபடி ஆகாது, எனவே அதுதான் நமக்கு அதிகம் உதவுகிறது.

ஒளி பட்ட தோலில் மட்டுமே இது நடக்கிறது. ஜட்டி அளவுக்குச் சின்ன நாப்கின், கண் கட்டு, இவ்வளவுதான் உடம்பில் இருக்கலாம். கையுறை, காலுறை, குல்லா மூன்றையும் போட்டுவிட்டு லைட்டில் வைத்தால் பாதிப் பலன் போய்விடும். பாட்டிமார் பரிவோடு ஒரு துண்டைப் போர்த்திவிடுவது நாங்கள் தினமும் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம்.

கண் கட்டு நழுவி மூக்கை அடைத்துவிடக் கூடாது. நீங்கள் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது அது. எண்ணெய், பவுடர் எதுவும் பூச வேண்டாம். பச்சையாக, இளகலாக மலம் போகும், சிறுநீர் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் இருக்கும், உடம்பில் சிறு தடிப்புகள் வரலாம். லைட்டை நிறுத்தியதும் இவை சரியாகும். ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால் சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. லைட்டில் இருக்கும் குழந்தையின் தோல் சீக்கிரம் வெளுத்துவிடும், ரத்தத்தில் அளவு அப்படியே இருக்கும். "மஞ்சளே போயிடுச்சே, ஏன் இன்னும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறீங்க" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தொடங்கிய வரம்புக்குக் கீழே 2 மில்லிகிராமாவது இறங்கிய பிறகுதான் நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு கொஞ்சம் திரும்ப ஏறலாம். 12 முதல் 24 மணி நேரத்தில் இன்னொரு பரிசோதனை செய்யச் சொன்னால் அதை முடித்துவிட்டே ஊருக்குப் போங்கள்.

எங்கள் சிறிய மருத்துவமனையில் குழல் விளக்கு வைத்த பழைய போட்டோதெரபி (லைட் வைக்கும்) யூனிட் உள்ளது. எல்லா விளக்கும் எரிகிறது. ஆனால் 24 மணி நேரம் வைத்தும் பிலிருபின் 17லிருந்து 16.5தான் ஆகிறது. எங்கே தவறு?
— ஒரு செவிலியர், ஊத்தங்கரை

எரிகிறதா என்று பார்ப்பது போதாது, சகோதரி. எவ்வளவு ஒளி விழுகிறது என்று அளக்க வேண்டும். நீலக் குழலின் பூச்சு தேயத் தேய, கண்ணுக்கு அதே நீலமாகத் தெரிந்தாலும் தேவையான அலைநீளத்தில் ஒளி குறைந்துகொண்டே வரும். குழலின் ஆயுள் 1,000 முதல் 2,000 மணி நேரம் என்பார்கள். இரவு பகலாக எரித்தால் 1,000 மணி என்பது ஆறு வாரம்தான்! முனை கறுத்திருந்தால், மினுக்கினால், அதற்கு முன்பே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, மாற்றிய தேதியையும் மணிக்கணக்கையும் யூனிட்டின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். கடையில் கிடைக்கிறதே என்று அலங்கார நீலக் குழலையோ சாதாரண வெள்ளைக் குழலையோ போட்டுவிடக் கூடாது.

ஒளி மீட்டர் ஒன்று வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் வற்புறுத்துங்கள். குழந்தை படுக்கும் மட்டத்தில் தலை, வயிறு, கால் என்று மூன்று இடத்தில் அளவெடுத்து சராசரி பாருங்கள். சாதாரண ஒளிச் சிகிச்சைக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நானோமீட்டருக்கு 8 முதல் 10 மைக்ரோவாட். தீவிர ஒளிச் சிகிச்சை என்றால் 30க்குக் குறையக் கூடாது. பழைய யூனிட்டுகள் பலவற்றில் 5கூடத் தேறுவதில்லை. உங்கள் எண்களும் அதைத்தான் காட்டுகின்றன. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையாத குழந்தைக்குச் சாதாரண லைட்டில் 24 மணி நேரத்தில் 6 முதல் 20 சதவீதமும், தீவிர லைட்டில் 30 முதல் 40 சதவீதமும் இறங்க வேண்டும். உங்களுக்கு இறங்கியது 3 சதவீதம்.

அடுத்து தூரம். குழல் யூனிட் குழந்தையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். டாக்டர் பரிசோதிக்க வசதியாக உயர்த்தியதை யாரும் திரும்ப இறக்குவதில்லை. ஒரு டேப்பைக் கம்பத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். எல்இடி யூனிட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்ன தூரம்தான் கணக்கு. ஹாலஜன் விளக்கை மட்டும் ஒருபோதும் கிட்டே கொண்டுவராதீர்கள், தோல் வெந்துவிடும்.

தூசி, பூச்சி படிந்த அக்ரிலிக் மறைப்பை ஈரத்துணியால் தினமும் துடையுங்கள். தொட்டிலின் பக்கங்களில் வெள்ளைத் துணி கட்டினால் சிதறும் ஒளி குழந்தை மேல் திரும்பி விழும், பச்சைத் துணியும் பூப்போட்ட துணியும் ஒளியை விழுங்கும். யூனிட்டின் மேல், காற்றுத் துளைகளின் மேல் எதையும் போர்த்தாதீர்கள். சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் அது.

இவ்வளவும் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் குழந்தையைப் பாருங்கள். எடை பிறந்ததிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறதா? (3 கிலோ குழந்தைக்கு 300 கிராம்.) அப்படியென்றால் பால் போதவில்லை. மலம் போகவில்லை என்றால் குடலுக்கு வந்த பிலிருபின் மறுபடி ரத்தத்துக்கே உறிஞ்சப்படும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகிறதா என்று தாய், குழந்தை இருவரின் ரத்தப் பிரிவு, கூம்ஸ் பரிசோதனை (குழந்தையின் சிவப்பணுக்களில் தாயின் எதிர்ப்புப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) பாருங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் ரத்தக் குப்பியையும் கவனியுங்கள். லைட்டை அணைத்துவிட்டு ரத்தம் எடுத்து, குப்பியைக் கறுப்புத் தாளிலோ அலுமினியத் தாளிலோ சுற்றி உடனே அனுப்புங்கள். ஜன்னலோரம் வெளிச்சத்தில் கிடந்த குப்பி உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டும். ராச்ஃபோர்ட்டில் ஒளியின் குணத்தை உறுதிப்படுத்தியதே வெயிலில் கிடந்த அப்படியொரு குப்பிதான்.

நீல வெளிச்சத்தில் குழந்தை நீலம் பாரித்தாலும் தெரியாது. 2 முதல் 4 மணிக்கு ஒருமுறை வெப்பநிலை பார்க்கும்போது லைட்டை அணைத்து நிறத்தையும் பாருங்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பழைய குழல் யூனிட்டில் சூடு ஏறும். எல்இடியில் சூடே வராது என்பதால் குளிர்காலத்தில் துணியில்லாத குழந்தை சில்லிட்டுப்போகும், அறையைக் கதகதப்பாக வையுங்கள். எண்கள் ஏறிக்கொண்டே போனால், யூனிட்டோடு போராடாமல் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். ரத்த மாற்றுச் சிகிச்சைக்கு (குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுவது) குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 160 மில்லி வரை பொருத்தமான ரத்தம் தயார் செய்ய வேண்டும். அதற்கும் நேரம் பிடிக்கும்.

நீல எல்இடி விளக்கு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டிலேயே வைக்கலாமா?
— ஒரு தந்தை, ஓசூர்

வேண்டாம். அலங்கார எல்இடியும் ஜீரோ வாட் நீல பல்பும் கண்ணுக்கு நீலமாகத் தெரியும், சிகிச்சைக்குத் தேவையான அளவில் ஒரு துளிதான் தரும். பூச்சி பிடிக்கும் விளக்கின் நீலக் குழலோ புற ஊதாக் கதிரைத் தருகிறது, அது குழந்தைக்குக் கேடு. அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, பரிசோதனை, மருந்து, போக்குவரத்து எல்லாம் இலவசம்.

எனக்கு ஓ பாசிட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். முதல் குழந்தைக்குப் பிறந்த அன்றே காமாலை வந்து லைட்டில் வைத்தார்கள். இப்போது எட்டாம் மாதம். என்ன தயாரிப்பு செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, அரூர்

தாய் ஓ பிரிவாக இருந்து குழந்தை ஏ அல்லது பி பிரிவாகப் பிறந்தால், தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கலாம். எல்லோருக்கும் நடப்பதில்லை, உங்களுக்கு நடந்திருக்கிறது, திரும்பவும் நடக்கலாம். பிரசவத்துக்கு வீட்டுக்குப் பக்கத்தில் என்று பார்க்காமல், பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனையாகப் பாருங்கள். முதல் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தாய் சேய் அட்டையோடு வையுங்கள். தொப்புள்கொடி ரத்தத்திலேயே குழந்தையின் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாளிலேயே பிலிருபின் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாளாவது அங்கேயே தங்குங்கள்.

இதைப் படிக்கும் நெகட்டிவ் பிரிவுத் தாய்மாருக்கு: குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அது அடுத்த குழந்தையைக் காப்பாற்றும் ஊசி. கருச்சிதைவுக்குப் பிறகும் போட வேண்டும்.

வளைகாப்புக்குப் பிறகு பீரோவிலிருந்து எடுக்கும் பழைய குழந்தைத் துணிகளில் அந்துருண்டை வாசம் இருந்தால் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் வாசமே சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையைச் சட்டென்று ஏற்றிவிடும்.

கழுதைப்பால் ஒரு சங்கு கொடுத்தால் காமாலை வராது என்று தெருவில் விற்க வருகிறார்கள். கீழாநெல்லிச் சாறும் கொடுக்கச் சொல்கிறார்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு.
— ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

மூன்றுமே வேண்டாம். காய்ச்சாத கழுதைப்பாலில் கிருமி வரும். கிருமித்தொற்று காமாலையை ஏற்றும். பிறந்த குழந்தைக்கு வாய் வழியே தாய்ப்பாலைத் தவிர எதுவும் போகக் கூடாது. சர்க்கரைத் தண்ணீரும் குளுக்கோஸும் வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைக் குறைக்கும், அதனால் மலம் குறையும், பிலிருபின் உள்ளேயே தங்கும். தாய்ப்பாலை நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுங்கள், இரவிலும். தூங்கினால் பாதத்தைச் சுண்டி எழுப்பிக் கொடுங்கள். தாயைப் பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். பருப்பும் மஞ்சளும் சாப்பிட்டால் குழந்தைக்குக் காமாலை வரும் என்பது உண்மையில்லை. சூடு போடுவதும் கண்ணில் சாறு விடுவதும் குழந்தைக்குச் செய்யும் கொடுமை, யார் சொன்னாலும் விடாதீர்கள்.

குழந்தைக்கு 24 நாள். எடை கூடுகிறது, பால் நன்றாகக் குடிக்கிறது, ஆனால் கண் இன்னும் மஞ்சள். மலம் சுண்ணாம்பு நிறத்தில் போகிறது. லைட்டில் வைத்தால் போதுமா?
— ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

இது லைட்டில் தீர்வதில்லை, நாளையே போக வேண்டியது. நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளும், குறைமாதக் குழந்தைக்கு 21 நாளும் தாண்டி மஞ்சள் இருந்தால் மொத்த பிலிருபினோடு டைரக்ட் பிலிருபினும் (கல்லீரல் கரையும் வடிவத்துக்கு மாற்றிய பிலிருபின்) பார்க்க வேண்டும். நன்றாகப் பால் குடித்து வளரும் பல குழந்தைகளுக்கு அது தாய்ப்பாலால் வரும் சாதாரண மஞ்சளாக இருக்கும், டைரக்ட் அளவு ஏறியிருக்காது, மலம் மஞ்சளாகவே போகும். உங்கள் குழந்தைக்கு மலம் வெளுத்திருப்பதுதான் கவலை. பித்தம் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். பித்தநாளம் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டைரக்ட் பிலிருபின் உயர்ந்த குழந்தையை லைட்டில் வைத்தால் தோல் வெண்கல நிறமாக மாறுமே தவிர அடைப்பு தீராது.

பித்தநாள அடைப்பு என்றால் கசாய் என்ற அறுவை சிகிச்சை உண்டு. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும், தள்ளிப்போகப் போக கல்லீரல் கெட்டுப்போகும். குழந்தை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், தொடக்கத்தில் இந்தக் குழந்தைகள் அப்படித்தான் இருக்கும். மலம் படிந்த துணியைக் காயாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பகல் வெளிச்சத்தில் போனில் படமும் எடுத்து வையுங்கள். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ரத்தம் எடுப்பதற்கு முன் வைட்டமின் கே ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள், பிரசவச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.